ஓட்டு ஒன்றே, முடிவு மூன்று

சங்கம் என்று ஒன்று இருந்தால் தேர்தல் இருக்கும். தேர்தல் முடிந்த மறுநாள் மனத்தாங்கலும் இருக்கும். "சரியா எண்ணினாங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "எந்த முறையில் எண்ணினார்கள்?" என்று கேட்பவர் அரிது. சிறியேன் பாத்திர வியாபாரி. கல்லூரி வாசல் மிதிக்காதவன். தராசு ஆடாமல் நின்றால் மட்டும் போதாது, எடைக்கல்லும் சரியாக இருக்க வேண்டும் என்பது கடையில் கற்ற பாடம். ஓட்டு எண்ணிக்கையிலும் அப்படி ஓர் எடைக்கல் இருக்கிறது. அதைப் பற்றிப் படித்தறிந்ததை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று விருப்பம், நூறு சீட்டு

100 உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கம் என்று வைத்துக்கொள்வோம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. மண்டபம் கட்டலாமா, நூலகம் அமைக்கலாமா, ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி நிதி தொடங்கலாமா என்று கேள்வி. ஒவ்வொருவரும் 1, 2, 3 என்று வரிசையிட்டுச் சீட்டுப் போடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால்:

40 பேர்: மண்டபம், கல்வி நிதி, நூலகம்.
35 பேர்: நூலகம், கல்வி நிதி, மண்டபம்.
25 பேர்: கல்வி நிதி, நூலகம், மண்டபம்.

முதல் முறை, முதல் விருப்பத்தை மட்டும் எண்ணுவது. நம் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் உள்ள வழி இதுதான். மண்டபத்துக்கு 40, எனவே மண்டபமே வெற்றி. ஆனால் 60 பேர் மண்டபத்தைக் கடைசியில் அல்லவா வைத்திருக்கிறார்கள்!

இரண்டாம் முறை, குறைந்த ஓட்டு வாங்கியதைக் கழித்து, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவது. கல்வி நிதிக்கு 25தான், அது கழிகிறது. அந்த 25 சீட்டும் நூலகத்துக்குப் போகின்றன. நூலகம் 60, மண்டபம் 40. நூலகம் வெற்றி.

மூன்றாம் முறை, இரண்டிரண்டாக மோதவிடுவது. கல்வி நிதியா மண்டபமா என்றால் 60க்கு 40 என்று கல்வி நிதி. கல்வி நிதியா நூலகமா என்றால் 65க்கு 35 என்று மறுபடியும் கல்வி நிதி. ஆக, கல்வி நிதி வெற்றி.

ஒரு சீட்டுகூட மாறவில்லை. ஒருவர்கூட ஏமாற்றவில்லை. ஆனாலும் மூன்று முறைக்கு மூன்று முடிவு. சீட்டில் எழுதியதில் எந்தப் பகுதியைப் படிப்பது, எதைப் படிக்காமல் விடுவது என்று முறை தீர்மானிக்கிறது. வெற்றியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறக்கக்கூடாது.

1969இல் நடந்தது

இரண்டாம் முறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இதையே அரசியல் சாசனத்தின் 55ஆம் பிரிவு விதிக்கிறது. அங்கே ஓட்டுக்கு மதிப்பும் உண்டு. 2022 தேர்தலில் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 208, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7, எம்.பி.க்கு 700.

1969 மே மாதம் ஜாகீர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆகஸ்டில் தேர்தல். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. சுயேச்சையாக வி.வி. கிரி. மனச்சாட்சிப்படி ஓட்டளியுங்கள் என்று பிரதமர் இந்திரா காந்தி சொன்னது கிரிக்குச் சாதகமாயிற்று. முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கையும் சேர்த்து மொத்தம் 15 பேர் களத்தில் இருந்தனர்.

செல்லுபடியான ஓட்டு மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. யாரும் கோட்டைத் தொடவில்லை. மற்றவர்களைக் கழித்து, தேஷ்முக்கையும் கழித்த பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வேண்டியதைவிட 1,908 மட்டுமே கூடுதல். சுமார் 88,000 ஆக இருந்த முன்னிலை 14,650 ஆகச் சுருங்கிவிட்டது! 2022 வரை நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல்களில், முதல் விருப்பத்தோடு முடியாமல் அடுத்த விருப்பங்களை எண்ண நேர்ந்தது இது ஒன்றுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழிக்கப்பட்டவர்களின் சீட்டில் இருந்த அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. கிரிக்கும் ரெட்டிக்கும் முதல் விருப்பம் தந்தவர்கள் இரண்டாவதாக யாரை எழுதினார்கள் என்பது கணக்கிலேயே வரவில்லை. அது யாருடைய தவறும் இல்லை. அந்த முறை அதைக் கேட்பதே கிடையாது. நம் உதாரணத்தில் எல்லோருக்கும் ஏற்புடைய கல்வி நிதி முதல் சுற்றிலேயே கழிந்தது இதனால்தான்.

போர்தாவும் கொந்தோர்சேயும்

இந்த ஆராய்ச்சி பிரெஞ்சு நாட்டில் சூடுபிடித்தது. கடற்படையில் பணியாற்றிய கணிதர் போர்தா 1770இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு வழி சொன்னார். மூன்று பேர் நின்றால் முதலிடத்துக்கு 2 மதிப்பெண், இரண்டாம் இடத்துக்கு 1, கடைசிக்கு 0. எல்லாவற்றையும் கூட்டு. நம் கணக்கில் மண்டபம் 80, நூலகம் 95, கல்வி நிதி 125.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஓட்டை உண்டு. 51 பேர் அ, ஆ, இ என்றும் 49 பேர் ஆ, இ, அ என்றும் எழுதினால், அ 102, ஆ 149. பாதிக்கு மேற்பட்டவர்களின் முதல் விருப்பமே தோற்றுப்போகிறது! தந்திரத்துக்கும் இடம் உண்டு. நூலகத்தார் 35 பேரும் போட்டியைக் குறைக்க எண்ணி, கல்வி நிதியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளுகிறார்கள் என்று வையுங்கள். மண்டபம் 115, நூலகம் 95, கல்வி நிதி 90. தாங்கள் அடியோடு விரும்பாத மண்டபத்தைத் தாங்களே ஜெயிக்க வைத்துவிட்டார்கள்!

1785இல் கொந்தோர்சே இருவர் இருவராக ஒப்பிடும் வழியை விரிவாக எழுதினார். மற்ற ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் வெல்பவரே வெற்றியாளர் என்றார். மயோர்க்கா தீவைச் சேர்ந்த ராமோன் லுல் என்பவர் 13ஆம் நூற்றாண்டிலேயே, கிறிஸ்தவ மடத் தலைவியைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதும்போது இந்த ஒப்பீட்டைச் சொல்லியிருக்கிறார்.

எத்தனை ஜோடி வரும்? மூவருக்கு 3, நால்வருக்கு 6, ஐவருக்கு 10. இப்படிப் பொறுக்கி எடுக்கும் வகைகளை எண்ணும் பொதுவிதியை 9ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்துச் சமணக் கணிதர் மகாவீராசாரியார் 'கணிதசாரசங்கிரகம்' என்ற வடமொழி நூலில் தந்துள்ளார். ரங்காசாரியார் அதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னையில் வெளிவந்தது. அவர் தேர்தலுக்காக எழுதவில்லை. ஆனால் கணக்கு அதே கணக்குத்தான்.

சுழலில் சிக்கினால்

கொந்தோர்சே ஒரு சிக்கலையும் கண்டார். மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் அ, ஆ, இ என்கிறார். இன்னொருவர் ஆ, இ, அ. மூன்றாமவர் இ, அ, ஆ. இரண்டுக்கு ஒன்று என்று அ ஆவை வெல்கிறது, ஆ இயை வெல்கிறது, இ அவை வெல்கிறது. ஒவ்வொருவர் மனமும் தெளிவு, கூட்டத்தின் மனம் மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது.

1951இல் கென்னத் ஆரோ இதைவிடப் பெரிய உண்மையை நிறுவினார். மூன்றோ அதற்கு மேலோ போட்டியிட்டால், நியாயமான சில நிபந்தனைகள் அனைத்தையும் எப்போதும் நிறைவேற்றும் வரிசை முறை, ஒருவர் சொன்னதே சட்டம் என்ற சர்வாதிகாரம் தவிர, இல்லவே இல்லை. 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1970இல் இத்துறையில் பெருநூல் எழுதிய நம் அமர்த்தியா சென் 1998இல் அப்பரிசு பெற்றார்.

அப்படியானால் எல்லா முறையும் ஒன்றுதானா? இல்லை. பழுதற்ற எடைக்கல் இல்லை என்பதால் கண்ணால் பார்த்தே எடை போடுவோம் என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான். குறை எது என்று தெரிந்து தேர்ந்துகொள்ளலாம். டங்கன் பிளாக் என்ற பொருளியலர் காட்டியபடி, கருத்துகள் ஒரே கோட்டில் அமைந்தால் சுழல் வராது. ஆண்டுச் சந்தா 300, 500, 1000 எது என்ற கேள்வி இவ்வகை. 300 வேண்டுபவருக்கு 1000ஐவிட 500 மேல், 1000 வேண்டுபவருக்கு 300ஐவிட 500 மேல். அங்கே நடுவில் நிற்பவரின் விருப்பமே வெல்லும்.

சங்கங்களுக்குச் சொல்ல விரும்புவது

நான் உறுப்பினராக இருந்த ஒரு வியாபாரிகள் சங்கத்தில் தலைவர் பதவிக்கு நால்வர் நின்றார்கள். ஜெயித்தவர் வாங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மனிதர் நல்லவர், உழைப்பாளி. ஆனால் "எங்க ஓட்டுல வந்தவரா அவரு?" என்ற பேச்சு நிற்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் சங்கம் இரண்டாயிற்று. பிறந்த ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு, நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பது சங்கம்தான். அது உடைந்தால் இழப்பு பெரிது. ஆகவே மூன்று யோசனை.

ஒன்று: இருவர் மட்டுமே போட்டியென்றால் சாதாரணப் பெரும்பான்மை போதும். அங்கே இந்தச் சிக்கல் எதுவும் எழாது.

இரண்டு: ஒரு பதவிக்கு மூவரோ அதற்கு மேலோ நின்றால் விருப்ப வரிசைச் சீட்டு வையுங்கள். ஜோடி ஜோடியாக எண்ணி, எல்லோரையும் வெல்பவரைத் தேர்ந்தெடுங்கள். சுழல் வந்தால் மட்டும் போர்தாவின் மதிப்பெண்ணைப் பாருங்கள். இரண்டையும் இணைக்கும் இவ்வழி டங்கன் பிளாக் சொன்னது. நால்வருக்கு ஆறே ஜோடி. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நூறு சீட்டை ஒரு மாலைப்பொழுதில் எண்ணிவிடலாம்.

மூன்று, முக்கியமானது: எந்த முறை என்பதை வேட்புமனு வாங்கும் முன்பே, பொதுக்குழுவில் வைத்து விதிப்புத்தகத்தில் எழுதிவிடுங்கள். பெயர்கள் தெரிந்த பிறகு முறையைப் பேசினால், ஒவ்வொருவரும் தன் ஆள் ஜெயிக்கும் முறையைத்தான் நியாயம் என்பார்கள். சரக்கை ஏற்றிய பிறகு எடைக்கல்லை மாற்றினால் எந்த வாடிக்கையாளர் ஒத்துக்கொள்வார்?

தோற்பவர் எப்போதும் இருப்பார். எப்படி எண்ணுவார்கள் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தோற்றவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவார். ஐயம் உள்ள அன்பர்கள் என்னிடம் கேட்கலாம். சீட்டுகளை மேசையில் பரப்பி உட்கார்ந்தால், சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.