சிங்க்குக்குக் கீழே ஊதும் பலகை

குறைந்த செலவில் மாடுலர் கிச்சன் போடலாம் என்று கடைக்குப் போனால், பேச்செல்லாம் கதவின் நிறத்தையும் பளபளப்பையும் சுற்றியே நடக்கும். பலகையின் வெட்டு விளிம்பை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. அந்தச் சமையலறை எத்தனை வருஷம் நிற்கும் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

அட்டைப்பெட்டியில் துண்டுகளாக வந்து வீட்டில் பூட்டப்படும் அலமாரிகளில் மலிவானவை பார்ட்டிகிள் போர்டில் செய்தவை. மரச்சீவல்களில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையைத் தெளித்து, சூடேற்றி, கடுமையாக அழுத்துகிறார்கள். சீவல்கள் நசுங்கிய நிலையிலேயே பசைக்குள் சிறைப்பட்டுவிடுகின்றன. இதில் தண்ணீர் பட்டால் இரண்டு காரியம் நடக்கும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். இது எந்த மரத்துக்கும் உள்ளதுதான், காய்ந்தால் அடங்கிவிடும். கூடவே பசையின் பிடி தளர்ந்து, நசுங்கிக் கிடந்த சீவல்கள் நிமிர்ந்துகொள்ளும். காய்ந்தாலும் இவை திரும்ப நசுங்காது. மழைக்காலத்தில் இறுகும் மரக்கதவு கோடையில் சரியாகிவிட, சிங்க்குக்கு அடியில் ஊதிய பலகை ஊதியபடியே நிற்பது இதனால்தான்.

பலகையின் முகத்தில் ஒட்டியிருக்கும் மெலமைன் தாளைத் தாண்டித் தண்ணீர் எளிதில் போகாது. அதற்கு வழி விடுவது விளிம்புகளும், குழாய்க்காக பிளம்பர் போடும் துளையும்.

ஸ்க்ரூவுக்கும் விளிம்பு ஆகாது. பலகையின் இரு முகங்களிலும் நுண்சீவல்கள் நெருங்கிக் கிடக்கும். நடுவில் பெரிய சீவல்கள், இறுக்கம் குறைவு. விளிம்பில் ஏற்றிய ஸ்க்ரூவை இரண்டொரு முறை கழற்றி மாட்டினால் பிடிமானம் போய்விடும். இதற்குக் கண்டுபிடித்த தந்திரம்தான் கேம் லாக். ஒரு பலகையின் முகத்தில் குடைந்த குழியில் சின்ன உலோக வட்டு உட்காருகிறது. அடுத்த பலகையின் முகத்தில் திருகிய ஆணி, விளிம்புத் துளை வழியாக உள்ளே வந்து தலையை நீட்டுகிறது. வட்டைத் திருப்பினால், மையம் விலகிய அதன் பள்ளம் ஆணித்தலையைக் கவ்வி இழுக்கும். பலமில்லாத விளிம்பில் எந்தத் திருகும் கடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கு இது அலமாரியைவிட அழகாகத் தெரிகிறது.

அலமாரியின் உட்புறத்தில் 32 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஓடும் துளைகளும் சும்மா இல்லை. கீல், டிராயர் சேனல் எல்லாம் பெரும்பாலும் இந்த அளவுக்கே வருகின்றன. கதவில் கீல் உட்காரும் குழியும் வழக்கமாக 35 மில்லிமீட்டர். ஆகவே இன்றைக்கு மலிவுக் கதவை மாட்டிவிட்டு, கையில் பணம் சேர்ந்ததும் நல்லதாக மாற்றிக்கொள்ளலாம். கதவைத் தாங்கும் அலமாரிப் பெட்டியை அப்படி மாற்ற முடியாது. சிங்க்குக்கு அடியில் வரும் ஒரே ஒரு பெட்டியை மட்டும் நீர் தாங்கும் பிளைவுட்டில் வாங்கி, குழாய்த் துளையின் வெட்டுமுகத்தில் சிலிக்கோன் பூசிவிட்டால், மற்றவற்றுக்குப் பார்ட்டிகிள் போர்டு போதும்.