மார்கழியில் ஃபேன்!

மார்கழி மாசம். ராத்திரி ரெண்டு மணி. போர்வைக்குள் சுருண்டு கிடந்த என் முகத்தில் ஜில்லென்று காற்று. பார்த்தால், ஃபேன் அஞ்சாம் நம்பரில் அலறிக்கொண்டிருக்கிறது. அம்மா, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி கீழே உட்கார்ந்திருக்கிறாள்.

''ஏம்மா, இந்தக் குளிர்ல ஃபேனா? காலையில நான் ஆபீஸ் போக வேணாமா?''

''உடம்பெல்லாம் தீயா எரியுதுடா... அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ.''

பொறுக்கவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டுப் படுத்தேன். அம்மா பேசாமல் எழுந்து வாசல்படிக்குப் போய்விட்டாள். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, சார்!

டாக்டராக இருக்கும் சித்தி ஊரிலிருந்து வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அம்மாவுக்கு வயசு நாற்பத்தெட்டு. மெனோபாஸ்... மாதவிலக்கு நிற்கிற சமயம். அப்பாவிடம் சொல்லவே கூச்சம். என்னிடம் எப்படிச் சொல்வாள்?

''உங்க ஆபீஸ் ஏ.ஸி.யில தெர்மோஸ்டாட் இருக்கில்ல? அதே மாதிரி மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒண்ணு இருக்கு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைஞ்சா அதுக்கு ரோஷம் ஜாஸ்தியாயிடும். உடம்புச் சூடு துளி ஏறினாலே, 'ஐயோ கொதிக்குது'ன்னு கத்தும். உடனே தோலுக்கு ரத்தம் பாயும், நெஞ்சு படபடக்கும், வேர்வை கொட்டும். சில நிமிஷத்துல அடங்கி, அப்புறம் குளிரும்!'' என்றார் சித்தி.

அடடே! அம்மா ஃபேனைப் போடுவதும், அடுத்த நிமிஷமே நிறுத்துவதும் இதனால்தானா!

இது ரெண்டு மாச சமாசாரமில்லை. பலருக்கு ஏழு வருஷம்கூட நீளும். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயசில் மாதவிலக்கு நிற்கிறது. சூடு அதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாம். ராத்திரி நாலு தடவை நனைந்து எழுந்தவள், காலையில் சிடுசிடுக்காமல் என்ன செய்வாள்? ஆபீஸில் ஏ.ஸி.க்கு நேராகப் போய் நிற்கும் சூப்பிரண்டெண்ட் மேடத்துக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர்... வேண்டாம், விடுங்கள்.

தளர்வான காட்டன் உடுப்பு, பக்கத்தில் ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர். சூடான காபி, காரம் இதெல்லாம் கிளப்பிவிடுகிறதென்றால் குறைக்கலாம். ரொம்பப் படுத்தினால் ஹார்மோன் சிகிச்சைதான் நன்றாகக் கேட்கும். 2002-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியாகி எல்லோரும் அதைக் கண்டு மிரண்டார்கள். அறுபதைத் தாண்டாத, மற்றபடி ஆரோக்கியமான பெண்களில் பலருக்கு நன்மையே அதிகம் என்பது அப்புறம் தெளிவானது. ஆனால் மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. எதுவானாலும் டாக்டர் பார்த்துத் தர வேண்டும்.

எல்லா வேர்வையையும் மெனோபாஸ் தலையில் கட்டவும் கூடாது. கூடவே காய்ச்சல், எடை இறக்கம் என்றால் தைராய்டா, டி.பி.யா என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

முதல் தேதி சம்பளத்தில் அம்மா பக்கம் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வைத்தேன். அன்றைக்கும் ரெண்டு மணிக்கு அது சுழல ஆரம்பித்தது.

''அம்மா, தண்ணி தரவா?''

''தூங்குடா... காலையில ஆபீஸ் போக வேணாமா?''