ஆளுக்கொரு புத்தகம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பழனி பஸ் நிற்கும் பக்கம் அப்போது ஒரு பெட்டிக்கடை இருந்தது. கடை வாசலில் குறுக்காகக் கட்டிய சணல் கயிறுகளில் துணி கிளிப் போட்டுப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். மேல் கயிற்றில் குமுதமும் விகடனும், அடுத்ததில் மாத நாவல்கள், அதற்கும் கீழே, பள்ளிக்கூடப் பையன்களின் கண் எட்டும் உயரத்தில், காமிக்ஸ். 1986-ல் நாங்கள் நாலு பேர் அந்தக் கீழ்க்கயிற்றின் முன்னால் சனிக்கிழமை மத்தியானங்களில் நின்றிருக்கிறோம். ஒருவன் நாகல் நகர் பூட்டுப் பட்டறைக்காரர் மகன். இன்னொருவனின் அத்தா பேகம்பூர் தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். மூன்றாமவன் சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற நெசவாளர் வீட்டுப் பிள்ளை. நாலாவது நான்.

எது எப்போது வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். 1-ம் தேதியும் 15-ம் தேதியும் ராணி காமிக்ஸ். வெள்ளிக்கிழமை தினமலரோடு சிறுவர் மலர். அதில் கொள்ளை நோயில் ஊர் உலகமே அழிந்த பிறகு உயிரோடு மிஞ்சும் ஒரு பையனின் கதை, ‘உயிரைத் தேடி’, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து எங்கள் உயிரை வாங்கியது. லயன், முத்து, திகில் காமிக்ஸ் எல்லாம் சிவகாசியிலிருந்து வரவேண்டும். மதுரையைத் தாண்டிக் கட்டு வந்து இறங்கினால்தான் உண்டு. அந்த மாதம் கட்டில் எத்தனை பிரதி இருக்கும், எது விட்டுப்போகும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. ஊரெல்லாம் அதே பேச்சு. எனக்கு அந்த 15-ம் தேதி ராணி காமிக்ஸ் தேதியாகத்தான் நினைவில் நிற்கிறது.

கையில் இருக்கும் காசு ஒரு புத்தகத்துக்குத்தான் காணும். 1984 ஜூலையில் ராணி காமிக்ஸ் ‘அழகியைத் தேடி’ என்ற ஜேம்ஸ்பாண்ட் கதையோடு ஆரம்பித்தபோது விலை ஒன்றரை ரூபாய். அதே மாதத்தில் சிவகாசியில் பதினேழு வயது விஜயன் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார், அது இரண்டு ரூபாய். அவருடைய அப்பா சௌந்திரபாண்டியன் 1972-ல் இரும்புக்கை மாயாவியை முதல் புத்தகமாகப் போட்டு முத்து காமிக்ஸை ஆரம்பித்தவர். இந்த வரலாறெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது, ஒன்றரை ரூபாயா இரண்டு ரூபாயா என்பதுதான். அரை ரூபாய் பெரிய வித்தியாசம்.

புரட்டிப் பார்க்கவும் முடியாது. கை நீண்டாலே கடைக்காரர் குரல் வந்துவிடும். “டேய், புரட்டுனா கசங்கிரும்டா. வாங்குறதா இருந்தா எடு, இல்லைனா கையை எடு.” ஆகவே அட்டையைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். அட்டைதான் கலர், உள்ளே கறுப்பு வெள்ளை. சிவகாசி ஓவியர்கள் வரைந்த அந்த அட்டைகளில் சிவப்பு கொஞ்சம் விலகி விழுந்து, மாயாவியின் இரும்புக் கையைச் சுற்றி ஒரு செந்நிறக் கோடு தனியாக ஓடும். அச்சில் நிறம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராததால் வந்தது அது. அது மாயாவிக்கு மின்சாரம் பாய்வதன் அடையாளம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். கரன்ட் கம்பியைத் தொட்டதும் உடம்பு மறைந்து கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் ஆளுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதில் என்ன தப்பு?

அட்டையைவிட நம்பகமான வழி இன்னொன்று உண்டு. போன மாதப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ‘அடுத்த வெளியீடு’ விளம்பரம் இருக்கும். அதை வைத்து நாலு பேரும் வாரக் கணக்கில் பேசுவோம். வரப்போவது யாருடைய கதை? ஸ்பைடரா, டெக்ஸ் வில்லரா, மாடஸ்டியா? கடைக்கு வந்து சேருவதற்குள் முக்கால்வாசித் தேர்வு பள்ளிக்கூட வேப்ப மரத்தடியில் முடிந்திருக்கும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தன் எடுத்ததை இன்னொருத்தன் எடுக்கக் கூடாது. எனக்கு டெக்ஸ் மேல் உயிர்; ‘தலை வாங்கிக் குரங்கு’ வாசித்த நாளிலிருந்து அப்படித்தான். ஆனாலும் பூட்டுப் பட்டறைக்காரர் மகன் அந்த மாத டெக்ஸை முதலில் எடுத்துவிட்டால் நான் ராணிக்குப் போகவேண்டும். போய்த்தான் ஜேம்ஸ்பாண்டைப் படித்தேன். எனக்குப் பிடிக்காது என்று நானே முடிவுகட்டியிருந்த எத்தனையோ கதைகளை அந்தச் சட்டம் என் கையில் திணித்திருக்கிறது. நாலு பேர், நாலு புத்தகம். மாதம் முடிவதற்குள் நாலும் நாலு வீட்டுக்கும் போய்விடும். அன்றைய தேர்வு என்பது எனக்காக ஒன்றை எடுப்பது இல்லை. நாலு பேருக்காக எனக்கு விழுந்த பங்கை எடுப்பது.

நாலாவது கைக்கு வரும்போது புத்தகம் வேறு ஒன்றாகியிருக்கும். பின் கழன்று, யாரோ ஒரு அம்மா தையல் நூலால் முதுகைத் தைத்திருப்பார். ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை இருந்தால் அது பட்டறையில் உட்கார்ந்து படித்தது. பக்கத்தைத் திருப்பும்போது ஆவாரம்பட்டை வாசம் வந்தால் பேகம்பூர் வழியாக வந்திருக்கிறது. தோல் பதனிடும் தொட்டிகளின் அந்த வாசம் துணியில் ஏறினால் போகாது, காகிதத்திலும் அப்படித்தான். சின்னாளபட்டிக்குப் போய் வந்ததில் சுங்குடிச் சாயக் கறை ஒரு பொட்டு இருக்கும். எந்தப் பக்கத்தில் ரேகை அழுத்தமாக விழுந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் அவன் நின்று நிதானித்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே நிற்பேன்.

இந்தக் கதைகள் பிறந்த இடத்தில் நிலைமை வேறு. இரும்புக்கை மாயாவி 1962-ல் இங்கிலாந்தின் வேலியன்ட் என்ற வாரப் பத்திரிகையில், ஸ்பெயின்காரர் ஹீசஸ் பிளாஸ்கோவின் ஓவியத்தில், வாரம் இரண்டு இரண்டு பக்கமாக வந்தவர். முத்து காமிக்ஸ் அவற்றைக் கோத்து ஒரே புத்தகமாகத் தந்தது. அதனால்தான் ஒவ்வொரு இரண்டு பக்கத்துக்கும் மாயாவி ஒரு ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார். அந்த ஊர்ப் பையன் ஒரு வாரம் காத்திருந்த இடத்தை நாங்கள் எச்சில் தொட்ட விரலால் ஒரு நொடியில் தாண்டினோம். அமெரிக்காவில் புதன்கிழமைதான் புது காமிக்ஸ் கடைக்கு வரும் நாள். வேண்டிய தலைப்புகளை வாசகர் முன்கூட்டியே கடையில் சொல்லிவைத்தால் எடுத்துவைத்துக் கொடுப்பார்கள். எங்கள் கடைக்காரரிடமும் அப்படிச் சொல்லிவைத்துப் பார்த்தோம். “முதல்ல வர்றவனுக்குத்தான்டா” என்பதுதான் பதில்.

பிறகு எல்லாம் மெல்லக் கலைந்தது. தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தது, நாங்களும் வளர்ந்து வேலைக்குப் போனோம். லயனும் முத்துவும் மாதக் கணக்கில் வராமல் போய், வந்தபோது வந்தன. ராணி காமிக்ஸ் 500 இதழ் கண்டு 2005-ல் நின்றே போனது. பேருந்து நிலையக் கடையில் கீழ்க்கயிற்றில் மொபைல் ரீசார்ஜ் அட்டைகள் தொங்கின. எங்கள் வீட்டுப் புத்தகக் கட்டு ஒரு பொங்கலுக்கு முன்னால் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியது. நான் வெளியூரில் இருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

2012-ல் லயன் திரும்பி வந்தது. ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’, நூறு ரூபாய். அதற்குப் பிறகு வந்தது தமிழ் காமிக்ஸ் அதுவரை காணாத காலம். வழவழப்பான ஆர்ட் பேப்பர், உள்ளேயும் முழுக் கலர், லார்கோ வின்ச், தோர்கல் என்று பிரெஞ்சு-பெல்ஜிய ஆல்பங்கள், இத்தாலியிலிருந்து மேஜிக் விண்ட், ஜூலியா. 2015-ல் கேப்டன் டைகரின் ‘மின்னும் மரணம்’ ஆயிரம் ரூபாய் விலையில் ஒரே தொகுப்பாக வந்தது. ‘உயிரைத் தேடி’யும் இப்போது தனிப் புத்தகம். எண்பதுகளில் தொடங்கி வருஷக் கணக்கில் துண்டு துண்டாக வந்த ‘இரத்தப் படலம்’ முதலில் 2010-ல் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டுப் புத்தகமாகவும், 2018-ல் கலரிலும் வந்தது. அந்தக் கதையின் நினைவு இழந்த நாயகன் யார் என்று கேட்டுக்கொண்டே வளர்ந்த எங்கள் தலைமுறை, நரைத்த தலையோடு முழுக்கதையையும் கையில் வாங்கியது.

இப்போது தேர்வு செய்யும் முறை முற்றிலும் மாறிவிட்டது. வருஷக் கடைசியில் அடுத்த ஆண்டுக்கான அட்டவணை வரும். எந்தச் சந்தா, எந்தெந்தத் தொகுப்பு என்று பார்த்துப் பணம் கட்டிவிட்டால் மாதம் பிறந்ததும் சிவகாசிப் பெட்டி கூரியரில் வீடு தேடி வரும். ஆத்தூரிலோ நத்தத்திலோ வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலோ இருக்கிற வாசகருக்கும் அதே பெட்டிதான். கட்டு வந்ததா, பிரதி மிச்சம் இருக்கிறதா என்று பஸ் ஏறி வந்து ஏமாந்து திரும்ப வேண்டியது இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. இரண்டாம் பாகம் கிடைக்காமல் முதல் பாகத்தையே பத்துத் தடவை படித்த பிள்ளைகளுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பெட்டி வரும் நாளில் நான் கத்தரிக்கோலைத் தேடும் வேகத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். பிரித்ததும் அந்தப் புது மை வாசம். சிவப்பு எங்கேயும் விலகவில்லை. மூன்று புத்தகம், சில மாதம் நான்கு. எல்லாமே என்னுடையவை. எதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியது இல்லை. ஆனால் முதலில் டெக்ஸை எடுக்கிறேன். மற்றவை அலமாரிக்குப் போகின்றன. சில புத்தகங்கள் உறையோடு அப்படியே நிற்கின்றன. அன்றைக்கு ஒன்றை வாங்கி நாலைப் படித்தேன். இன்றைக்கு நாலை வாங்கி ஒன்றைப் படிக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனது அந்தச் சட்டம்தான். எனக்குப் பிடிக்காததை என் கையில் வைக்க இப்போது யாரும் இல்லை.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது அங்கே லயன்-முத்து வாசகர்கள் கூடுவார்கள். திண்டுக்கல்லிலிருந்து கரூர் வழியாக ரயில் பிடித்தால் போய்விடலாம். அங்கேதான் இன்றைக்கு வேப்ப மரத்தடிப் பேச்சு நடக்கிறது. அடுத்த ஆண்டு யார் வேண்டும், எந்தப் பழைய கதைக்கு மறுபதிப்பு வேண்டும் என்று ஐம்பது வயதுக்காரர்கள் விஜயனிடம் நேருக்கு நேர் கேட்கிறார்கள். பதிப்பாசிரியரிடமே விருப்பத்தைச் சொல்லும் உரிமை அன்று எங்களுக்குக் கனவிலும் கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று என் கண் தேடும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு வயதும் பதினான்கு வயதும் வேறு இடத்தில் காத்திருக்கின்றன. திண்டுக்கல்லில் என் அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அவனோடு யாரும் பேச முடியாது. ஜப்பானில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டு, திங்கள் பிறக்கிறது. மங்கா பிளஸ் என்ற ஜப்பானிய காமிக்ஸ் செயலியில் ‘ஒன் பீஸ்’ தொடரின் புது அத்தியாயம் அந்த நிமிஷம் திறக்கும். 1997-ல் தொடங்கிய கதை. புது அத்தியாயம் காசில்லாமலே கிடைக்கிறது. எது வாங்குவது என்ற கேள்வியே அவனுக்கு இல்லை. பத்துத் தொடர் அதே செயலியில் கிடக்கிறது, எதற்கு நேரம் என்பதுதான் கேள்வி. வாரம் முழுக்கக் காத்திருப்பதும், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நண்பர்களோடு அதையே பேசித் தீர்ப்பதும் எங்களைப் போலவேதான். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே கதையை, ஒரே நிமிஷத்தில், தனித்தனித் திரையில் படித்துவிடுகிறார்கள். ஒருவன் படித்ததை இன்னொருவனிடம் கொடுக்க எதுவும் இல்லை. இன்னொரு வருத்தம்: அந்தச் செயலியில் தாய்லாந்து மொழி இருக்கிறது, வியட்நாம் மொழி இருக்கிறது, இந்தோனேஷிய மொழி இருக்கிறது. தமிழ் இல்லை. மாயாவி தமிழ் பேசிக்கொண்டுதான் எங்கள் ஊருக்கு வந்தார்.

போன மாதம் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். அலமாரியைத் திறந்து காட்டினேன்.

“மாமா, இதெல்லாம் நீங்க படிச்சிட்டீங்களா?”

“இல்லப்பா. பாதிதான்.”

“அப்ப எனக்கு எது நல்லா இருக்கும்னு எப்படிச் சொல்வீங்க?”

அவன் கேட்டது சரிதான். உறை பிரிக்காத வரிசையில் அவனையே ஒன்றை எடுக்கச் சொன்னேன். நான் படிக்கவே மாட்டேன் என்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு ஜூலியா கதையை எடுத்தான். அடுத்த ஞாயிறு கொண்டு வந்து கொடுக்கவேண்டும், கொடுத்துவிட்டு நான் எதைப் படிப்பது என்று அவன்தான் சொல்லவேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை எட்டே கால் மணிக்கு வந்தான். புத்தகத்தை என் கையில் வைத்தான். நடுவில் ஒரு பக்கத்தின் ஓரம் லேசாக எண்ணெய் பட்டு ஒளி ஊடுருவியது. சாப்பிட்டுக்கொண்டே படித்திருக்கிறான். “இதைப் படிங்க மாமா” என்று சொல்லிவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு, போனோடு திண்ணைக்குப் போய் உட்கார்ந்தான். நான் அந்த எண்ணெய்ப் பக்கத்தை முதலில் திறந்தேன்.