அம்மாவின் தலையிடிக்குப் பனடோல் போதாது

விசுவமடுவில் எங்கள் வீட்டில் இரண்டு தாய்மார் இருக்கிறோம். ஒருவர் என் அம்மா, மற்றவர் நான்.

அம்மாவுக்குத் தலையிடி. மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தில் தொடங்கியது. கண்ணைப் பரிசோதித்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். "பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாத அந்தத் தலையிடிக்கு அம்மா வருடக்கணக்காகப் பனடோல் போட்டுக்கொண்டே இருந்தார். நாங்களும் பழகிவிட்டோம். "அம்மாவுக்குத் தலையிடி, சத்தம் போடாதை" என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் வசனம்.

அந்தத் தலையிடியின் அர்த்தம் எனக்கு விளங்கத் தொடங்கியது 2022 இல், நான் தாயான பிறகு.

பெற்றோல் வரிசையும் பால்மாத் தட்டுப்பாடுமாக இருந்த வருடம் அது. மகள் சுகமாகத்தான் பிறந்தாள். ஆனால் எனக்குள் ஏதோ நின்றுபோனது. பிள்ளை அழுதால் தூக்குவேன், பால் கொடுப்பேன், குளிப்பாட்டுவேன். எல்லாவற்றையும் கை செய்தது, மனம் எங்கேயோ இருந்தது. பிள்ளை நித்திரையானாலும் எனக்கு நித்திரை வரவில்லை. இவளுக்குத் தாயாக இருக்க எனக்குத் தகுதியில்லை என்ற எண்ணம் இரவில் திரும்பத் திரும்ப வந்தது. சொந்தக்காரர் பிள்ளை பார்க்க வந்தால் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தேன்.

ஒரு மாதமளவில் வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒரு தாளைத் தந்தார். பத்துக் கேள்விகள். முதல் ஒன்பதுக்கும் பொய்தான் போட்டேன். பத்தாவது கேள்வி, என்னை நானே ஏதும் செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்டது. பேனை ஓடவில்லை. அவர் தாளை வாங்கி வைத்துவிட்டு, "பிள்ளையை நான் கொஞ்ச நேரம் வைச்சிருக்கிறன், நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். பிள்ளை பிறந்த பிறகு அன்றுதான் நான் அழுதேன்.

எனக்கு வந்தது என்ன, அம்மாவுக்கு இருப்பது என்ன என்று அதன் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பத்துக் கேள்விகள்

அந்தத் தாளுக்கு எடின்பரோ அளவுகோல் என்று பெயர். மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதற்காக 1987 இல் ஸ்கொட்லாந்தில் உருவாக்கப்பட்டது. தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30. புள்ளி கூடினால் வருத்தம் உறுதி என்று அர்த்தமில்லை. இந்தத் தாயுடன் இன்னும் விபரமாகக் கதைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். எனவே பொய் போட்டால் ஏமாறுவது நாங்கள்தான்.

பிள்ளை பிறந்த பிறகு மனதில் வரும் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, பிறந்து மூன்று நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது. இது பெரும்பாலான தாய்மாருக்கு வரும், இரண்டு கிழமைக்குள் தானாக மாறிவிடும். இரண்டாவது மனச்சோர்வு. இரண்டு கிழமை தாண்டியும் கவலை, வெறுமை, குற்ற உணர்வு, நித்திரையின்மை, எதிலும் விருப்பமின்மை தொடர்ந்தால் அது வைத்தியம் தேவைப்படும் வருத்தம். மூன்றாவது அரிதானது, ஆனால் ஆபத்தானது. இல்லாத குரல் கேட்பது, ஆளுக்கு ஆள் சந்தேகப்படுவது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகக் கதைப்பது, நாட்கணக்கில் நித்திரையில்லாமல் திரிவது. இதைக் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நூல் கட்டுவதற்கும் கழிப்புக் கழிப்பதற்கும் நாளைச் செலவழிக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெற்ற பெண்களில் 100 பேருக்கு 13 பேர் ஏதோவொரு உளநலப் பாதிப்புக்கு ஆளாகிறார்கள். வளர்ந்துவரும் நாடுகளில் இது 100க்கு ஏறத்தாழ 20. ஐந்து தாய்மாருக்கு ஒருவர். எங்கள் கிளினிக்கில் ஒரு வாங்கில் ஐந்து பேர் இருப்போம். அதில் ஒருவர் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் உடம்புக்குள் இருக்கும் 2009

2009 ஜனவரியில் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு வயது 13. உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போனோம். அதைப் பற்றி நான் அதிகம் கதைப்பதில்லை. ஆனால் பிரசவ விடுதியில் இரும்புக் கட்டில் ஒன்றை இழுத்த சத்தத்துக்கு, வயிற்றில் பிள்ளையோடு குனிந்து தலையைப் பொத்தினேன்.

ஆபத்து வரும்போது உடம்பு ஓடுவதற்கோ ஒளிப்பதற்கோ தயாராகும். நெஞ்சு வேகமாக அடிக்கும், தசை இறுகும், நித்திரை கலையும். ஆபத்து முடிந்ததும் அது அடங்க வேண்டும். மாதக்கணக்கில் செல்லுக்குள் இருந்தவர்களில் பலருக்கு அது முழுதாக அடங்குவதில்லை. கழுத்தும் தோளும் இறுகியபடியே இருந்தால் தலை இடிக்கும். நெஞ்சுக்குள் அமத்தும், வயிறு எரியும், கை கால் உளையும். பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ஆனால் நோ உண்மையானது, நடிப்பில்லை.

இந்த வலி தனியாள் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவருகிறார். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த மக்களைப் பற்றி 2010 இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இதைக் கூட்டு மனவடு என்கிறது. அதாவது, ஆளைத் தாங்கும் குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டுவிட்டன என்பது.

இது எனக்கு நன்றாக விளங்குகிறது. முந்தி எங்கள் ஊர்களில் பிள்ளை பெற்றவளைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கும். ஒருவர் காயம் இடிப்பார், ஒருவர் சுடுதண்ணி வைப்பார், 31 வரைக்கும் பெற்றவளை அடுப்படிக்கு விடமாட்டார்கள். என் பெரியம்மா ஒருவர் கனடாவில், மற்றவர் மாத்தளனில் போய்விட்டார். எனக்கு இருந்தது தலையிடியுடன் அம்மா மட்டும்தான்.

அதற்கு மேல் கடன். கணவர் இல்லாமல் குடும்பத்தைக் கொண்டுபோகும் பெண்களைத் தேடி நுண்கடன் நிறுவனங்கள் வன்னிக்கு வந்தன. கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் ஆளுக்குப் பயந்து பின்பக்கத்தால் போய் ஒளித்த தாய்மார் உண்டு. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. கடன்காரர் நாளைக்கு வருவார் என்றிருக்கும் தாயிடம் "மனதை அமைதியாக வைத்திருங்கோ" என்று சொல்வதில் பயனில்லை. மனநலம் என்பதில் அரிசியும் வருமானமும் சேர்ந்தே இருக்கின்றன.

முடிவில்லாத இழப்பு

என்னுடைய வருத்தத்துக்கு ஒரு பெயரும் மருந்தும் இருந்தன. அம்மாவுடையது வேறு. அண்ணா 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. உயிரோடு இருக்கிறார் என்பதற்கும் சான்று இல்லை, இறந்தார் என்பதற்கும் இல்லை. கிராம சேவகரிடம் குடும்ப விபரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய பெயரையும் எழுதச் சொல்வார் அம்மா.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களுடன் 1970களில் வேலை செய்தபோது இந்த நிலையை ஆராய்ந்தார். ஆள் இல்லை, ஆனால் இழப்பு முடியவும் இல்லை. செத்தவீடு இல்லை, அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. நம்பினால் ஏமாற்றம். நம்பிக்கையை விட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்த உணர்வு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவரின் மனம் பலவீனமானதல்ல. சூழ்நிலைதான் தாங்க முடியாதது என்பது அவருடைய விளக்கம்.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1990 முதல் இலங்கையில் காணாமற்போன 16,000க்கும் மேற்பட்டவர்களின் விபரங்களைப் பதிந்திருக்கிறது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 இல் சட்டம் வந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள்.

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். உளவளத்துணை நீதிக்குப் பதிலாகாது. "எல்லாத்தையும் மறந்துபோட்டு இருங்கோ" என்று ஒரு தாயிடம் சொல்வது வைத்தியமும் அல்ல. ஆனால் பதில் வரும் வரை அந்தத் தாய் உயிரோடும் சுகத்தோடும் இருக்க வேண்டுமே! நித்திரைக்கு மருந்து எடுப்பதாலோ ஒரு நாள் சிரிப்பதாலோ அவர் தன் பிள்ளையைக் கைவிட்டவராகிவிட மாட்டார்.

பிள்ளைக்குப் போய்ச் சேருவது

தாயின் முகம் அசையாமல் இருந்தால் குழந்தை என்ன செய்யும் என்று 1970களில் அமெரிக்காவில் எட்வேர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் பரிசோதித்தார். முதலில் தாய் பிள்ளையோடு கொஞ்சிக் கதைப்பார். பிறகு சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் பார்ப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பி அழும். தாய் திரும்பச் சிரித்ததும் மெல்ல மெல்ல அவரிடம் வந்துவிடும்.

இதைத் தாயைக் குற்றம்சாட்டுவதற்குச் சொல்லவில்லை. திரும்பி வருவதுதான் இதில் முக்கியம். எந்தத் தாயும் எந்த நேரமும் சிரித்தபடி இருப்பதில்லை. கோபத்தில் அடித்துவிட்டால், கத்திவிட்டால், பிறகு பக்கத்தில் இருத்தி "அம்மாவுக்கு மனம் சரியில்லை, அதாலை கத்திப்போட்டன். உன்னிலை பிழையில்லை" என்று சொல்லலாம். சின்ன வயதில் அம்மாவின் தலையிடிக்கு நான்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு வசனம் கிடைத்திருந்தால் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

என்ன செய்யலாம், எங்கே போகலாம்

முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள். தங்கச்சி, மச்சாள், பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி, புத்தி சொல்லாமல் கேட்கக்கூடிய ஒருவர். கேட்பவர்கள் "எனக்கு நடந்ததோட பாக்க உனக்கு என்ன?" என்று ஒப்பிட வேண்டாம். எங்கள் ஊரில் எல்லோரிடமும் இழப்பு இருப்பதால் அந்த வசனம் சுலபமாக வந்துவிடும்.

பச்சைப்பிள்ளை உள்ள வீட்டில் கணவரோ மாமியாரோ இரவில் ஒரு தடவை பிள்ளையை வாங்கிப் பார்த்து, தாய்க்கு நான்கைந்து மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கிடைக்கச் செய்யுங்கள். மே 18, நவம்பர் 27, காணாமற்போனவரின் பிறந்தநாள் போன்ற நாட்களில் மனம் குழம்பும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்து, அன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, சாப்பாடு, வேலை குழம்பினால் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் அழைக்கலாம். வீட்டில் அடி, வன்முறை இருந்தால் பெண்களுக்கான இலக்கம் 1938.

மருந்து என்றால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். பாலூட்டும் தாய்க்கும் பொருத்தமான மருந்துகள் இருக்கின்றன. சுகமாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதுதான் பிழை. நானும் எடுத்தேன். வைத்தியர் சொல்லிக் குறைத்துத்தான் நிறுத்தினேன். உளநலப் பிரிவுக்கு முன்னால் தெரிந்தவர் யாரும் காண்பார்களோ என்று முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், எங்கள் ஊர் அக்கா ஒருவர் பக்கத்து வாங்கில் இருந்தார்.

போன வருடம் ஒரு பின்னேரம், கச்சான் உடைத்துக்கொண்டு இருந்தபோது, என்னிடம் கேட்ட கேள்விகளில் சிலவற்றை அம்மாவிடம் கேட்டேன். இரவில் நித்திரை வருமா, என்ன நினைத்துக்கொண்டு படுப்பீர்கள் என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் உடைத்தார்.

"என்னை ஆரும் இப்பிடிக் கேக்கேல்லை பிள்ளை" என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை கிளினிக் போகிறோம். அம்மாவின் தலையிடி முழுதாக மாறவில்லை. ஆனால் இடிக்கும் நாளில் இப்போது பனடோலைத் தேடுவதற்கு முதல் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக் கதைக்கிறார்.