சுவடிப் பதிப்பு மென்பொருளில் பிளவுப் பலகம்: ஜாவா ஸ்விங் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஓலைச்சுவடியின் படத்தையும் அதன் பெயர்த்தெழுத்தையும் ஒரே சாளரத்தில் ஒப்பிடப் பிளவுப் பலகம் பயன்படுகிறது. ஜாவா மொழியின் ஸ்விங் நூலகத்திலுள்ள ஜேஸ்பிளிட்பேன் என்னும் கூறினை இப்பணிக்கேற்ப அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிளவுப் பலகம், பிரிப்புக்கோடு, ஜாவா ஸ்விங், சுவடிப் பதிப்பு.

முன்னுரை

சுவடியைப் பெயர்த்தெழுதுவோரின் கண் மூலத்திற்கும் படிக்கும் இடையே ஓயாது சென்று மீள்கிறது. மீளும்போது அதே சொல் வரும் வேறொரு வரிக்குக் கண் தாவினால் இடைப்பட்ட பகுதி விடுபடும். மூலமும் படியும் தனித்தனிச் சாளரங்களில் ஒன்றையொன்று மறைத்து நிற்பின் இப்பிழைக்கு வாய்ப்பு மிகுகிறது. ஆதலின் பலக அமைப்பு, தோற்றத்தை மட்டுமன்றிப் பாடத்தின் செம்மையையும் சார்ந்ததாகிறது.

பிளவின் திசை

ஜேஸ்பிளிட்பேன் இரண்டு கூறுகளை மட்டுமே ஏற்கும். மூன்று பகுதிகள் வேண்டுமெனில் ஒரு பலகத்தினுள் மற்றொன்றை அமைத்தல் வேண்டும். இதன் இயல்பிருப்பு கிடைமட்டப் பிளவு ஆகும். இப்பெயர் கூறுகள் பக்கவாட்டில் அமைவதைக் குறிக்கிறது. பிரிப்புக்கோடோ செங்குத்தாக நிற்கும். ஓலை நீளம் மிக்கது, உயரம் குறைந்தது. எனவே படம் மேலும் எழுத்து கீழும் அமையும் செங்குத்துப் பிளவே இதற்குப் பொருந்தும்.

குறும அளவு

பயனர் கோட்டை இழுக்கும்போது எக்கூறும் தன் குறும அளவினும் சிறிதாகாது. படத்தைத் தாங்கும் ஜேலேபிளின் குறும அளவு, இயல்பாகப் படத்தின் முழு அளவேயாகும். சான்றாக, 1200 படப்புள்ளி உயரமுள்ள படத்தை நேரடியாக வைத்தால், கோட்டை அந்த உயரத்திற்கு மேலே நகர்த்த இயலாது. படத்தை ஜேஸ்க்ரோல்பேன் என்னும் உருட்டுப் பலகத்தினுள் இட்டால் இத்தடை நீங்கும். அதன்பின் எழுத்துப் பகுதிக்கு இரண்டு வரியேனும் தெரியுமாறு குறும உயரம் வகுத்தல் நன்று. அவ்வுயரத்தை எழுத்துருவின் வரி உயரத்திலிருந்து கணக்கிடின், எழுத்துரு மாறினும் வரி மறையாது.

இடப்பகிர்வு

சாளரம் பெரிதாகும்போது கூடுதல் இடம் எக்கூறுக்குச் செல்லும் என்பதைச் செட்ரீசைஸ்வெயிட் என்னும் செயற்கூறு தீர்மானிக்கிறது. மதிப்பு 0 எனில் முழு இடமும் கீழ்க் கூறுக்கும், 1 எனில் மேற்கூறுக்கும் செல்லும்; 0.5 எனில் சமமாகப் பகிரப்படும். ஓலைப் படத்திற்கு மிகு உயரம் தேவையில்லை. ஆகவே, இயல்பிருப்பான 0 இங்குத் தகும்.

கோட்டின் இடத்தைச் சேமித்தல்

பயனர் அமைத்த இடத்தைப் படப்புள்ளி எண்ணாகச் சேமித்தால் வேறு அளவுள்ள திரையில் அது பொருந்தாது. பலகத்தின் உயரத்திலிருந்து கோட்டின் தடிமனைக் கழித்து, கோட்டின் இடத்தை அத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தைச் சேமிப்பதே முறை. எனினும், சாளரம் திரையில் தோன்றுமுன் இவ்விகிதத்தை அளித்தால் பலகத்தின் உயரம் சுழியமாக இருப்பதால் பயன் விளையாது. சாளரம் தோன்றிய பின்னரே அதனை அளித்தல் வேண்டும்.

முடிவுரை

திசை, குறும அளவு, இடப்பகிர்வு, சேமிப்பு ஆகிய நான்கும் ஓலையின் வடிவையும் பெயர்த்தெழுதுவோரின் பணியையும் ஒட்டி அமைதல் வேண்டும். அவ்வாறு அமையின் மூலமும் படியும் ஒருங்கே கண்முன் நிற்கும். விடுபட்ட வரியை அப்போதே கண்டு திருத்த இயலும்.