ஆஸ்பத்திரியின் சுத்தமும் ஒப்பந்தமும்

சென்ற வருஷம், உறவுப்பெண் ஒருத்தியின் பிரசவத்தை முன்னிட்டு ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் மூன்று இரவுகள் காத்திருந்தபோது, விடிவதற்கு முன்பே வாளியும் மாப்புமாக வந்து, பாய் விரித்துப் படுத்திருந்த கூட்டத்தினிடையே ஒருவர் காலும் நனையாமல் தரையைத் துடைத்துச் சென்ற ஓர் அம்மாளைக் கவனித்து வந்தேன். மூன்றாம் நாள், ரத்தம் தோய்ந்த பஞ்சு சிவப்புப் பையில் கிடக்கக் கண்டு, அவர் அதை இடுக்கியால் எடுத்து மஞ்சள் பையில் போட்டார். “புதுப் பொண்ணு போட்டது சார், இன்னும் யாரும் சொல்லிக் குடுக்கலே” என்றார். சிஸ்டரிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். “சிஸ்டர் என்ன செய்வாங்க? நாங்க கம்பெனி ஆளுங்க. எங்களுக்கு சூப்பர்வைசர்தான்.”

அந்தப் பதில் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. மருந்து கொடுப்பதும் அறுவை செய்வதும் ஒரு வகைக் காரியம், பெருக்குவதும் துணி வெளுப்பதும் சமைப்பதும் காவல் காப்பதும் வேறு வகைக் காரியம் என்று பிரித்து, இரண்டாவதை டெண்டர் மூலம் குறைந்த தொகை கேட்கும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் மார்கரெட் தாட்சரின் அரசாங்கம் 1983-இலேயே துப்புரவு, சமையல், சலவை மூன்றுக்கும் டெண்டர் கோரும்படி பொது ஆஸ்பத்திரி நிர்வாகங்களைப் பணித்தது; ஸ்காட்லாந்தோ 2008-இல், துப்புரவையும் சமையலையும் இனிப் புதிதாகத் தனியாரிடம் விடுவதில்லை என்று தீர்மானித்து அந்தப் பாதையிலிருந்து விலகியது. ஒப்பந்த முறைக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை; காலியிடங்கள் நிரம்பும்வரை வருஷக்கணக்கில் காத்திராமல் ஆள் கிடைக்கிறது.

ஆனால் பெருக்கும் வேலையில் பெரும்செலவு கூலியே ஆதலால், குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டவர் மிச்சம் பிடிக்க வேண்டுமானால், கூலியிலோ ஆள்தொகையிலோதான் கைவைக்க நேர்கிறது. ஒப்பந்தம் கைமாறும்போது, பத்து வருஷம் அதே தரையைத் துடைத்தவரும் புதிய கம்பெனியின் ஏட்டில் முதல்நாள் ஆளாகிவிடுகிறார். ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் அதைத் தரும் கடமை வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை வேலையளிப்பவரைச் சேரும் என்று நம் நாட்டின் 1970-ஆம் வருஷ ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2020-இல் இயற்றிய சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆயினும் அதே தொகுப்பு, ஸ்தாபனத்தின் பிரதானப் பணிகளில் ஒப்பந்த ஆட்களைப் பொதுவாகத் தடுத்துவிட்டு, துப்புரவு, காவல், உணவகம் முதலியவை பிரதானப் பணியாகா என்று விலக்கும் அளிக்கிறது.

பஞ்சாலைக்கும் வங்கிக்கும் அது பொருந்தலாம். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் பொருந்தும்? வியன்னா நகரத்துப் பிரசவ வார்டில் 1847-இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், டாக்டர்கள் குளோரின் கரைசலில் கை கழுவிய பிறகே தாய்மாரைத் தொடவேண்டும் என்று ஏற்பாடு செய்ததனாலேயே, பிரசவ ஜுரத்தால் மாண்டவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. பரிசுத்தம் அங்கே சிகிச்சைக்கு உபகாரமாக நிற்கவில்லை, சிகிச்சையாகவே இருந்தது. நமது 2016-ஆம் வருஷ மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையிலுள்ள பஞ்சு எரியூட்டப்பட வேண்டியது. சிவப்புப் பையோ கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போவது. கழிவைத் தொடும் எல்லோருக்கும் பயிற்சியும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அளிக்கும் கடமையை அவ்விதிகள் ஆஸ்பத்திரியின் தலையில்தான் வைத்திருக்கின்றன.

ஆகவே டெண்டரை அடியோடு ஒழிக்க இயலாவிட்டாலும், ஆள்தொகையையும் கூலியையும் அரசாங்கமே நிர்ணயித்து, அவற்றில் போட்டிக்கு இடமில்லாமல் செய்யலாம். கம்பெனி மாறினாலும் பழகிய கைகள் மாறாதிருக்க ஷரத்து எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வார்டு சிஸ்டரின் கையெழுத்தில்லாமல் ஒப்பந்தக்காரரின் மாதாந்தரப் பில் பாஸாகக்கூடாது. எந்தப் பஞ்சு எந்தப் பையில் என்பதைப் புதிதாக வரும் பெண், முதல் ஷிப்டு தொடங்குமுன், அந்த சிஸ்டரிடமே நின்று கற்றுக்கொள்ள வேண்டும்.