முன்பணமும் மன்றத்தின் பிணையும்

வாடகைக்கு வீடு தேடியவர்க்கே முன்பணத்தின் பாரம் தெரியும். மாத வாடகையை எப்படியேனும் செலுத்திவிடக்கூடிய உழைப்பாளியும் அந்த மொத்தத் தொகையின் முன் திகைத்து நிற்கிறார். இங்கிலாந்தில் இத்தகையோர்க்கு உள்ளூர் மன்றங்கள் செய்யும் உதவியை நம் குடும்பங்கள் அறிதல் நலம்.

ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீடாயின், ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாதென்பது 2019 ஜூன் முதல் அங்குள்ள சட்டம். வாரம் 200 பவுண்டு வாடகையெனில் 1,000 பவுண்டு. முதல் மாத வாடகையும் சேர்ந்தால் கூலியாள் எங்கே போவார்?

மன்றங்கள் சில பணமாகவே தருகின்றன. பெரும்பாலும் கடனாக, சிறு தவணைகளில் திருப்பிச் செலுத்துமாறு. வேறு சில, பணம் கைமாறாமல், வீட்டுக்காரருக்கு எழுத்துமூலம் பிணை நிற்கின்றன. சேதமோ வாடகைப் பாக்கியோ நேர்ந்தால் குறித்த தொகைவரை மன்றமே ஈடுசெய்யும். இம்முறையே சிறந்ததென்பது நம் எண்ணம். ஏழையின் சொல்லை நம்பாதவர் மன்றத்தின் கையெழுத்தை நம்புகிறார் அல்லவா!

ஆயினும் இவ்வுதவி எல்லார்க்கும் உரியதன்று. வீடிழந்தோரும் இழக்கும் நிலையிலுள்ளோருமே முதலில் கவனிக்கப்படுவர். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன்பே மன்றத்தை அணுகுவது நல்லது.

அடகாக வாங்கிய மேலாடையைச் சூரியன் மறையுமுன் திருப்பித்தரப் பணித்தது மோயீசன் சட்டம். இங்கிலாந்தின் சட்டமோ, வாங்கிய முன்பணத்தை 30 நாட்களுக்குள் அரசு ஏற்ற காப்புத் திட்டமொன்றில் வீட்டுக்காரர் பதியவேண்டுமென்கிறது. கடன்பட்டுக் கொடுத்தவர் இதைக் கேட்டறியத் தயங்கலாகாது.

பிணைச்சீட்டை மறுத்து ரொக்கமே கேட்கும் வீட்டுக்காரரும் உளர். அவர்களிடம் மன்றத்தின் கையெழுத்தும் செல்லுபடியாவதில்லை.